கத்தரிக்காய்க்கு றெக்கை முளைச்ச கதை

இங்கன வா தாயி, உக்காரு. அந்த மிசினத் திட்டுனது போதும். காலையில இருந்து மூணு தடவ திட்டிட்ட, அதுவும் இங்கிலீசுல. அது இந்த நாட்டுல பெறந்த மிசினு, அதுக்குப் புரிஞ்சு தொலைக்கும். நான் நாப்பத்தஞ்சு வருசம் மிதிச்ச மிசின தெனமும் தமிழ்ல திட்டியிருக்கேன். அது ஒருநாளும் கோவிச்சுக்கிட்டதில்ல.

நீ தச்சத நான் பாத்துட்டேன். பாக்கலன்னு சொல்லச் சொன்னா சொல்லிருவேன். தையக்காரன் வாய் பொய் சொல்லும். தீவாளிக்கு மொத நாள் வந்து சட்டை கேட்டவன்கிட்டல்லாம் "காஜா மட்டுந்தான் பாக்கி"ன்னு சொன்ன வாய் இது. ஆனா கண்ணு பொய் சொல்லாது. இறகுன்னு சொல்லித்தான தச்ச? நடுவுல ஒரு தண்டு, ரெண்டு பக்கமும் வரிசையா இதழு. நான் பாத்த வரைக்கும் நடுவுல ஒரு கம்பு நிக்கிது, ரெண்டு பக்கமும் கத்தரிக்கா தொங்குது. குத்தஞ் சொல்லக் கூடாது, காய் நல்ல தெரட்சிதான். சந்தைக்குக் கொண்டு போனா மொத ஆளா வித்துரும்.

"ஆறு மாச விசாவுல வந்துட்டு ஆறு மாசமும் கேலிதானாப்பா"ங்கிற. வேற எனக்கு என்ன சோலி? கோவில்பட்டியில இருந்து கெளம்பி நாஷ்வில் பக்கத்துல வந்து எறங்குனேன். இங்க டீக்கடை உண்டா, வேப்பமரத்தடி உண்டா? மாப்பிள்ளை ஆபீசுக்குப் போயிர்றாரு, பேரன் பள்ளிக்கூடத்துக்குப் போயிர்றான். பேச்சுத் துணைக்கு நீயும் ஒன் மிசினுந்தான். மிசின் பதில் பேசாது. அதனால ஒன்னயத்தான் பேசணும்.

இந்த மிசினுக்கு வச்சிருக்காம்பாரு பேரு, லாங் ஆர்ம். நீளக்கை! நம்மூருல ஒருத்தனுக்குக் கை நீளம்னா, அவன் வந்துட்டுப் போனதும் சொம்பு டம்ளர எண்ணிப் பாப்போம். இங்க கை நீளமா இருந்தா அதுக்குத் தனி வெல. கார் நிறுத்துற கொட்டகையில 12 அடிக்கு இரும்புச் சட்டம் போட்டு, தறியில பாவு சுத்துன மாதிரி அடித்துணிய உருளையில சுத்தி, அதுமேல பஞ்சு விரிச்சு, அதுக்கு மேல நீ துண்டு துண்டாச் சேத்துத் தச்ச மேல்துணியப் போட்டு இழுத்துக் கட்டியிருக்க. அது தெப்பக்கொளம் மாதிரி அசையாமக் கெடக்கு. மிசினு தண்டவாளத்துல சக்கரம் வச்சு அது மேல ஓடுது. சைக்கிளுக்கு இருக்க மாதிரி ரெண்டு கைப்பிடி. மாப்பிள்ளையோட காரு பாவம், வெளிய மழையில நனையுது. அவரும் ஒண்ணும் சொல்றதில்ல. நல்ல எடத்துலதான் ஒன்னயக் குடுத்திருக்கேன்.

அதுல ஒரு புத்தி வச்சிருக்காம்பாரு, அதான் என்னால தாங்க முடியல. நீ வேகமா இழுத்தாலும் மெதுவா இழுத்தாலும் ஒரு இஞ்சுக்கு 10 தையல்னா 10 தையல்தான் விழும். என் காலுக்கு அந்தப் புத்தி வர பத்து வருசம் ஆச்சு, நீ கடையில காசு குடுத்து வாங்கிட்ட. இம்புட்டும் வாங்கி வச்சிக்கிட்டு "மிசின் சரியில்ல"ங்கிற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

ஆனா நாயம்னு ஒண்ணு இருக்குல்ல? கூடமும் கொஞ்சம் கோணல்தான். அந்த வண்டிக்கு ரெண்டு பாதை இருக்கு. இடம் வலமாப் போக ஒரு தண்டவாளம், முன்ன பின்ன போக ஒரு தண்டவாளம். நேராப் போனா ஒரு சக்கரத்துக்குத்தான் வேலை. வளைச்சா ரெண்டும் சேந்து ஓடணும். பூட்டுன மாடு ரெண்டுல ஒண்ணு சோம்பேறின்னா வண்டி என்ன ஆகும்? அதான் சின்ன வட்டம் போட்டா சதுரமாப் போயிருது. அது ஒங் குத்தம் மட்டுமில்ல. மாட்டோட கொணத்தத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டு, அம்புட்டுத்தான்.

ஏப்ரல்ல என்னயக் கூட்டிக்கிட்டுப் போனியே, கென்டக்கியில பதூக்கா. அந்த ஊர மறக்க முடியுமா? 27,000 பேர்தான் ஊர்சனம், நம்ம சாத்தூர் கணக்குத்தான். ஆனா 1985-ல கில்ட்டுங்கிற இந்தப் பஞ்சு வச்சுத் தச்ச போர்வைக்குத் திருவிழா ஆரம்பிச்சு, 1991-ல அதுக்குன்னே ஒரு மியூசியமும் கட்டிட்டாங்க. 2013-ல யுனெஸ்கோக்காரனே வந்து கைவேலைக்குப் பேர்போன நகரம்னு பட்டம் குடுத்துட்டாம். போர்வைக்கு மியூசியம்! நம்ம வீட்டுல பழஞ்சேலைய மடிச்சுத் தச்ச விரிப்ப ஒங்கம்மா கயித்துக்கட்டில்ல போட்டா, மறுநாளு கோழி வந்து அதுல அடை காக்கும்.

அங்க ஒரு கில்ட்டத் தொடப் போனேன். வெள்ளக் கையுறை போட்ட ஒரு அம்மா ஓடி வந்துருச்சு. "தொடக் கூடாதாம்ப்பா"ன்னு நீ என் கையப் புடிச்ச. அந்தம்மாட்ட பின்பக்கத்தத் திருப்பிக் காட்டச் சொல்லுன்னேன். நீ வெக்கப்பட்டுக்கிட்டே கேட்ட. அந்தம்மா சிரிச்சிட்டு, கையுறை வெரலால ஓரத்தத் தூக்கிக் காட்டுச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் தெரியல. ஒரு நூல் தொங்கல. ஒரு முடிச்சு முழிக்கல. தையக்காரன் மத்தவன் வேலைய மொதல்ல பின்பக்கந்தான் பாப்பான். முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் மனசாட்சிக்கு. நான் கும்புட்டேன், பாத்தியா? அந்தம்மாவக் கும்புடல, பின்பக்கத்தக் கும்புட்டேன்.

நீதான அன்னிக்கு இறகோட கதையச் சொன்ன? இந்த இறகு மிசினுக்குப் பெறந்ததில்லைன்னு. இங்கிலாந்துல வடக்க டர்ஹாம், நார்தம்பர்லண்டு பக்கம் கெழவிக கையாலயே போட்டதாம். அங்க ஆலன்ஹெட்ஸ்னு ஒரு கிராமம். ஜார்ஜ் கார்டினர்னு ஒரு கடைக்காரரு, அவருட்டத் தொழில் பழகுன எலிசபெத் சாண்டர்சன்னு ஒரு பொம்பள. அவுக வேலையே நீலப் பென்சிலால துணி மேல கோடு போட்டுக் குடுக்கிறதுதானாம். நூறு வருசத்துக்கு முந்தி, ஊர் ஊரா இருந்து துணி வருமாம், வரைஞ்சு அனுப்புவாகளாம், வாங்குனவுக அது மேல தைப்பாகளாம். இந்தப் பக்கம் பென்சில்வேனியாவுல லங்காஸ்டர் கவுண்டி ஆமிஷ் சனங்க அட்டை வெட்டி வச்சு, அத ஒட்டியே கோடு இழுத்து, இறகு வளையம் இறகு வளையமாத் தச்சாங்கன்னயே. அந்தக் கெழவிகளுக்கு வராத கையா ஒனக்கு வந்துருச்சு? அவுகளே கோடு போட்டுட்டுத்தான் ஊசிய எடுத்தாக. ஒனக்கு மட்டும் கோடு போட்டாக் கவுரவக் கொறச்சல். கேட்டா ப்ரீஹேண்டுங்கிற. விடுதலை கைக்குத்தான் தாயி, மண்டைக்கு இல்ல.

முழுசும் வரையச் சொல்லல. தண்ட மட்டும் வரை. தண்ணி பட்டா அழியிற நீலப் பேனா ஒங்கிட்ட எட்டு கெடக்கே, அதுல ஒண்ண எடு. எடுத்து மொதல்ல ஒரு துண்டுத்துணியில போட்டு, அழியுதான்னு பாத்துக்க. அழிக்கிறதுக்கு முந்தி இஸ்திரிப்பெட்டிய வச்சிறாத, சூடு பட்டா மை தங்கிப்போகும். அப்புறம் மாப்பிள்ளை சட்டைக்குப் போடுற சோப்பெல்லாம் போட்டாலும் போகாது.

தண்டு எப்பிடி இருக்கணும்? வைப்பாறு வளையிற மாதிரி. அடிச்ச பாம்பு நெளியிற மாதிரி இல்ல. நீளமா ஒரு வளைவு, அது முடியிறதுக்குள்ள இன்னொரு வளைவு மெதுவா ஆரம்பிச்சிரணும். நீ போட்ட தண்டுல நாலு எடத்துல முழங்கை மடங்குது. மணிக்கட்டால வரைஞ்சா அப்பிடித்தான் மடங்கும். தோள்ல இருந்து வரை. கை முழுசும் ஒரு வீச்சாப் போகணும், வெதைக்கிறவன் கை மாதிரி. தண்டு கோணிருச்சுன்னா அப்புறம் எந்த இதழும் காப்பாத்தாது. தண்டு நல்லா இருந்தா இதழ்ல ஒண்ணு ரெண்டு கோணுனாலும் ஒருத்தனும் பாக்க மாட்டான். அப்பன் ஆத்தா ஒழுங்கா இருந்தாப் புள்ளைக செய்யிற சேட்டைய ஊர் பெருசா எடுக்குமா?

இன்னொண்ணு. ஒன் சட்டத்துல ஒரு நேரத்துக்கு ஓரடி அகலந்தான் கண்ணுக்குத் தெரியிது. மிச்சமெல்லாம் உருளைக்குள்ள சுருண்டு கெடக்கு. இறகு அதுக்கு மேல நீளம்னா, சுருட்டிட்டு மறுபடி தொடங்குற எடத்துல ஒட்டு தெரியும். அதனால துணிய ஏத்துறதுக்கு முந்தியே தண்ட முழுசா வரைஞ்சிரு. நிறுத்துனாத் தண்டுல வந்து நிறுத்து. இதழுக்கு நடுவுல நிறுத்திட்டு காப்பி குடிக்கப் போகாத.

இனி இதழு. சேலைக் கரையில மாங்கா பாத்திருக்கல்ல? அத நெடுக்கப் பொளந்தா வர்ற பாதிதான் இதழு. நீ என்ன பண்ற? தண்டுல இருந்து நேராக் குச்சி மாதிரி வெளிய போற, முனையில ஒரு குண்டு போடுற, குச்சி மாதிரியே திரும்பி வந்து தண்டுல முட்டுற. அது கத்தரிக்கா ஆகாம வேற என்ன ஆகும்? கெளம்புறப்ப தண்ட ஒட்டியே கொஞ்ச தூரம் போ. மெதுவா வெலகு. தலையில நல்லா வயிறாற அகலம் குடு. பெறகு திரும்பி வர்றப்ப, சர்வீஸ் ரோடு பைபாஸ்ல சேருதுல்ல, அப்பிடிச் சாஞ்சு சேரணும். நீ சேக்குறது முச்சந்தியில லாரி முட்டுற மாதிரி இருக்கு.

இத மட்டும் நல்லாக் கேட்டுக்க. போறதுக்கு வித்தை வேண்டியதில்ல. தண்ட விட்டு வெளிய போறப்ப எல்லாருக்கும் தெம்பு இருக்கும். தலைய நல்லா வட்டமா வளைச்சு "பாத்தியா, எம்புட்டு அழகு"ன்னு நின்னுக்கலாம். திரும்பி வர்றதுலதான் தாயி இருக்கு. அங்கதான் எல்லாருக்கும் வழி மறந்து போகுது. ஒண்ணு அவசரப்பட்டு முட்டும், இல்லன்னா பாதியிலயே நின்னுக்கிட்டு, வாரேன் வாரேங்கும். பதினாலு வருசமா வாரேன் வாரேங்கும். நான் இறகத்தான் சொல்றேன். நீ எதுக்கு மொகத்தத் திருப்புற?

வளைவுல ஒரு கணக்கு இருக்கு. தண்டு வளையிற உள்பக்கம் எடம் கொறச்சல், அங்க இதழு சின்னதா ஒல்லியா இருக்கணும். வெளிப்பக்கம் எடம் தாராளம், அங்க கொஞ்சம் கொழுக்க விடு. நீ ரெண்டு பக்கமும் ஒரே அளவு போட்டுட்டு, உள்பக்கம் நெருக்கியடிச்சு டவுன் பஸ் மாதிரி ஆக்கிட்ட. எல்லா இதழும் தண்டோட நுனியப் பாத்துத்தான் சாயணும். ஒண்ணு கெழக்க, ஒண்ணு மேக்கன்னா அது இறகில்ல, பஞ்சாயத்துக் கூட்டம். ஒரே அளவுலயும் இருக்க வேணாம். முருங்கை ஈர்க்க எடுத்துப் பாரு, எல்லா எலையும் ஒரே அளவா? அடியில ஒரு அளவு, நடுவுல ஒரு அளவு, நுனியில ஒரு அளவு. ஆனா எல்லாம் ஒரு வீட்டுப் புள்ளைகன்னு பாத்த ஒடனே தெரியும்.

அடியில இருந்து ஒரு பக்கம் ஏறு, நுனியில கண்ணீர்த்துளி மாதிரி ஒரு இதழ் போட்டு முடி, தண்டு வழியாவே எறங்கு, அடுத்த பக்கம் ஏறு. ஒனக்கு ஒரு பக்கம் கத்தரிக்கா, மறுபக்கம் வெண்டைக்கா. எல்லாருக்கும் அப்பிடித்தான். ஒரு பக்கம் கைக்குப் புடிச்ச பக்கம், மறுபக்கம் மாத்தாந்தாய் பக்கம். நீ தெனமும் புடிச்ச பக்கத்தத்தான் பத்துத் தடவ போட்டுட்டு, நல்லா வந்துச்சுன்னு போட்டோ எடுக்குற. நாளையில இருந்து புடிக்காத பக்கத்த மொதல்ல போடு. கையில தெம்பு இருக்கறப்பவே அதப் போடு.

ஒம்பது வயசுல வாடகை சைக்கிள் எடுத்துக் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா? மணிக்கு இம்புட்டுன்னு காசு. நீ முன்சக்கரத்தையே பாத்துக்கிட்டு ஓட்டி, நேரா எங்க போன? சாக்கடையில. "ரோட்டப் பாரு, சக்கரத்தப் பாக்காத"ன்னு கத்திக்கிட்டே பின்னால ஓடியாந்தேன். இப்பவும் அதயேதான் பண்ற. ஊசியவே மொறச்சுப் பாக்குற. ஊசி எங்கயும் ஓடிப் போயிறாது தாயி, அது திருகி வச்சிருக்கு. நீ போய்ச் சேர வேண்டிய எடத்தப் பாரு. தலையோட உச்சியப் பாரு, அங்க போனதும் தண்டுல சேர்ற புள்ளியப் பாரு. கண்ணு முன்ன போகும், கை பின்னாலயே போகும்.

கைப்பிடிய எதுக்கு இப்பிடி நெரிக்கிற? கோழிக்குஞ்சப் புடிக்கிற மாதிரி புடி. விட்டா ஓடிரும், நெரிச்சாச் செத்துரும். முழங்கைய விலாவோட வச்சுக்க. மணிக்கட்ட ஆட்டாம, இடுப்போட சேந்து ஒடம்ப ஆட்டு. கரகாட்டம் ஆடுறவ கையவா ஆட்டுறா? மூச்ச அடக்காத. நீ ஒரு இதழ் முடியிற வரைக்கும் மூச்சு விடுறதே இல்ல. பக்கத்துல நிக்கிற எனக்கு நெஞ்சு அடைக்குது.

வேகத்துக்கும் ஒரு அளவு உண்டு. ரொம்ப மெதுவாப் போனா கோடு நடுங்கும், வயசான ஆளு கையெழுத்து மாதிரி. ரொம்ப வேகமா வளைச்சா பின்பக்கத்துல நூல் இழுபட்டு, வளைவு நெடுக இமை முடி மாதிரி குத்திக்கிட்டு நிக்கும். இங்க உள்ளவுகளும் அதுக்குக் கண்ணிமைன்னுதான் பேர் வச்சிருக்காகளாம்! ஒன் கில்ட்டுக்குப் பின்னால நான் குனிஞ்சு பாத்தேன். வெள்ளாட்டுக்குட்டிக்குக் கூட அம்புட்டு அழகா இமை கெடையாது. டென்ஷனச் சரி பண்ணு. மிசின் டென்ஷன மொதல்ல, ஒன் டென்ஷன அப்புறம். துணியோட ஓரத்துல வேண்டாத எடம் இருக்குல்ல, அங்க நாலு வளைவு ஓட்டி, குனிஞ்சு பின்பக்கத்தப் பாத்துட்டு, அப்புறம் உள்ள வா. தண்டுல வந்து சேர்றப்ப ஒரு கண்ண மூடித் தொறக்கிற நேரம் நில்லு. நின்னாத்தான் முனை கூரா விழும். ஓடிக்கிட்டே திரும்புனா முனை மழுங்கிரும்.

ஒரு இதழோட தலையத் தச்சிட்டு, தச்ச கோட்டு மேலயே பின்னால வந்து அடுத்த இதழ எறக்குறியே, அது பெரிய வித்தை. அது இப்ப ஒனக்கு வேணாம். ஒன் கோடு ஒண்ணு இங்க போகுது, திரும்பி வர்ற கோடு பக்கத்துத் தெருவுல வருது. பாக்குறவன் ரெட்டைத் தையல்னு நெனச்சுக்குவான். இப்பதைக்கு இதழுக்கும் இதழுக்கும் நடுவுல ஒரு நெல்லு அளவு எடம் விட்டுப் போடு. தொட வேண்டாம், இடிக்க வேண்டாம். சண்டை போடாத பங்காளிக மாதிரி அதது தள்ளி நிக்கட்டும். கை பழகுனப்புறம் மேலயே திரும்பி வரலாம். அப்பவும் மெல்லிசு நூலாப் போடு. தடிச்ச நூல் ரெண்டு தடவ போனா கயிறு திரிச்ச மாதிரி தெரியும்.

எப்பிடிப் பழகுறதுன்னா கேக்குற? இந்த வீட்டுத் தபால் பெட்டிக்குத் தெனமும் வண்டி வண்டியா வெளம்பரக் காயிதம் வருது. நீ பிரிக்காமலே குப்பையில போடுற. அதோட முதுகெல்லாம் வெள்ளை. பேனாவ எடுக்காம ஒரே இழுப்புல இறகு போடு. தெனம் பத்து நிமிசம். போன்ல ஒன் சிநேகிதி பேசுறாளே, அவ பேச்சுக்கு "உம்" கொட்டுறதுக்கு ஒரு கை போதும். மறு கை இறகு போடட்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு ரெண்டு மாசம் மிசின் பக்கமே விடல. பழைய தினத்தந்தியில கிளி போடச் சொன்னாரு. "பேப்பர்ல பறந்தாத்தாண்டா துணியில உக்காரும்"பாரு. அப்புறந்தான் மிசின் பல்ல எறக்கி, புட்டக் கழட்டி, துணிய ரிங்குல மாட்டி, கையால நகத்தி நகத்திப் பூ போட விட்டாரு. கல்யாணச் சீருக்குத் தலகாணி உறை. ரெண்டு கிளி, நடுவுல ரோசாப்பூ, கீழ "குட்நைட்". நம்ம தாலுகாவுல பாதி மாப்பிள்ளைக என் குட்நைட் மேலதான் தூங்குனாங்க. ஒரு தடவ இங்கிலீசு எழுத்துல ஒரு 'ஓ' விட்டுப்போய் "காட் நைட்"னு ஆகிப்போச்சு. பொண்ணோட அப்பா கோவமா வந்தாரு. "சாமி பேரத்தான போட்டிருக்கேன், புள்ளைக நல்லா இருக்கும்"னேன். அஞ்சு ரூவா சேத்துக் குடுத்துட்டுப் போனாரு.

இங்க இன்னொரு வழி இருக்கு, திருட்டு வழி. துணி கலர்லயே நூல் போடு. குத்தம் கண்ணுல படாது. நீ கருநீலத் துணியில வெள்ளை நூல் போட்டு, திருடன் டார்ச்லைட் அடிச்சுக்கிட்டே போன மாதிரி பண்ணி வச்சிருக்க. பழகுற வரைக்கும் ஒளிஞ்சே போ. கம்பளிப் பஞ்சு வச்சா இதழ் புசுபுசுன்னு எழும்பி நிக்கும். பருத்திப் பஞ்சு தட்டையாக் கெடக்கும். ஆனா பருத்தி வச்சத ஒரு தடவ தொவைச்சியன்னா, சுருங்கி என் மூஞ்சி மாதிரி ஆயிரும். அம்புட்டுச் சுருக்கத்துல எது தப்பு, எது வயசுன்னு எவனும் கண்டுபுடிக்க முடியாது.

மாப்பிள்ளை என்ன சொல்றாரு? கம்ப்யூட்டர் மாட்டுனா மிசின் தானாவே இறகு போடுமாம். ஒண்ணு மாதிரியே நூறு போடுமாம். போடட்டும், அதுவும் நல்ல வேலைதான், அதுலயும் கெட்டிக்காரங்க இருக்காங்க. ஆனா இந்தச் சண்டை புதுசில்லையே. 1989-ல பதூக்காவுல கேரில் ப்ரையர் ஃபாலர்ட்டுன்னு ஒரு அம்மா சூரிய கிரகணத்த கில்ட்டா தச்சு மொதப் பரிசு வாங்குச்சே, நீதான காட்டுன? முழுக்க மிசின் தையல், அதுவும் வீட்டு மிசினு. கையால தைக்காத ஒண்ணுக்கு அங்க மொதப் பரிசு கெடைச்சது அதுதான் மொதத் தடவையாம். மிசின்ல தச்சதெல்லாம் ஒரு கில்ட்டான்னு அன்னிக்கு மொறச்சவுக உண்டு. இன்னிக்கு மிசின்காரி கம்ப்யூட்டரப் பாத்து மொறைக்கிறா. நாளைக்குக் கம்ப்யூட்டரு எதப் பாத்து மொறைக்குமோ. நீ யாரையும் மொறைக்காத. ஒனக்குக் கையால போட ஆசை இருக்கு, அதுக்காகப் போடு. பேரன் நாளைக்கு அந்தப் போர்வைய மூடிப் படுத்துக்கிட்டு, கோட்ட வெரலாலத் தடவிக்கிட்டே போனான்னா, "இந்த எடத்துல அம்மா தும்மியிருக்கா"ன்னு கண்டுபுடிப்பான். கம்ப்யூட்டருக்குத் தும்மல் வராது.

என்ன, சிரிக்கிற? நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், கத்தரிக்கான்னு சொன்னதுல இருந்து உதட்டக் கடிச்சுக்கிட்டே இருக்க.

ஏ, அந்த உருளையத் தொடாத. தச்சு முடிச்ச பக்கம் சுருண்டு உள்ள போயிருச்சுல்ல, அது அப்பிடியே கெடக்கட்டும். பின்னால சுத்துனா இழுவை தளந்துரும். நான் தொழில் தெரிஞ்சவன், சொல்றதக் கேளு. தாயி! வேணாங்கிறேன்ல?

சரி. சுத்திட்ட. பாத்துட்ட.

போன செவ்வாக்கெழம நீ கடைக்குப் போயிருந்தப்ப, ஒரே ஒரு இதழ் போட்டுப் பாக்கலாம்னு நெனச்சேன். தண்டு நீ வரைஞ்சதுதான் இருந்துச்சு. நாப்பத்தஞ்சு வருசம் பூப்போட்ட கை, இந்தச் சக்கர வண்டி என்ன பண்ணிரும்னு நெனச்சேன். கைப்பிடியப் புடிச்சு வலப்பக்கம் வளைக்க நெனச்சா, கை இடப்பக்கம் இழுக்குது! நம்ம மிசின்ல ஊசி நின்ன எடத்துல நிக்கும், துணியத்தான் நகத்துவேன். கோடு வலப்பக்கம் போகணும்னா துணிய இடப்பக்கம் தள்ளணும். அது எலும்புல ஏறிப்போச்சு. இங்க துணி நிக்கிது, ஊசி போகுது. பேனா மாதிரி எங்க இழுக்கோமோ அங்க போகும், சின்னப்புள்ளைக்குக் கூட வரும். எனக்கு வரல. மேல போன்னா கீழ வருது, வெளிய போன்னா உள்ள வருது. நெறுத்தத் தெரியாம அந்தப் பித்தான அமுக்கி, இந்தப் பித்தான அமுக்கி, கடைசியில ஒயரப் புடுங்கித்தான் நிறுத்துனேன்.

பிரிச்சிரலாம்னு அந்தச் சின்ன முள்ளுக்கருவிய வச்சுக்கிட்டு உக்காந்தேன். கண்ணு தெரியல. நீ வர்ற சத்தம் கேட்டுச்சு. உருளைய ஒரு சுத்துச் சுத்தி உள்ள தள்ளிட்டு, டிவி முன்னால போய் உக்காந்துக்கிட்டேன். நீ போர்வைய முடிச்சுப் பிரிக்கறதுக்குள்ள என் பிளைட்டு கெளம்பிரும்னு ஒரு கணக்கு.

அப்ப ஒனக்கு அன்னிக்கே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேதான் இம்புட்டு நேரமும் நான் பேசுனதக் கேட்டுக்கிட்டு இருந்தியா? கள்ளி! "அப்பா, இது என்னப்பா, கத்தரிக்காய்க்கு றெக்கை முளைச்சிருக்கு"ங்கிற. கேளு, நல்லாக் கேளு. ஒங்கம்மா இருந்திருந்தா இன்னும் நாலு சேத்துக் கேட்டிருப்பா.

பிரிச்சிரு தாயி. பேரன் போர்வையில எதுக்கு? கில்ட் போலீசுன்னு சொல்வியே, குத்தம் கண்டுபுடிக்கறதுக்குன்னே வர்றவளுக, அவளுக பாத்தா மானம் போயிரும். பிரிக்க மாட்டியா? அப்பிடியே விடப் போறியா? அதுக்குப் பக்கத்துல பேரும் தேதியும் தைக்கப் போறியா? யாரு பேர, என் பேரயா?

"எல்லா இதழும் தண்டுக்கு வந்துருச்சு, இது மட்டும் வெளிய போயிட்டு வழியிலயே நிக்குதேப்பா"ங்கிற.

நிக்கல தாயி. அது வந்துக்கிட்டுதான் இருக்கு.

எதுக்கு இப்ப அந்த நீலப் பேனாவ எடுக்குற? அது நின்ன எடத்துல இருந்து தண்டு வரைக்கும் கோடு போடப் போறியா? போடு. போடு. மணிக்கட்ட ஆட்டாத. தோள்ல இருந்து போடு.